புதுப்பிப்பு: நாயின் உண்ணிக் காய்ச்சல், பரிசோதனை முடிவு (சுங்கை சிப்புட், மலேசியா)

எங்கள் தோட்டத்து நாய் கருப்பனுக்கு ஈறு வெளுத்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போயும், விரைவுப் பரிசோதனையில் எர்லிக்கியா (உண்ணி பரப்பும் ஒரு பாக்டீரியா) இல்லையென்றே வந்ததை இரண்டு மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

காது நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது: கால் நரம்பில் எடுத்த இரத்தத்தில் தென்படாத பாபேசியா என்னும் இரத்த ஒட்டுண்ணி, சிவப்பணுக்களுக்குள் சிறு மோதிரங்களைப்போல் தெரிந்தது. வகையை அறிய அனுப்பிய, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை அதைப் பாபேசியா கிப்சோனி என்று உறுதிப்படுத்தியது. எதிர்பாராதது, எர்லிக்கியாவும் உடன் இருந்ததுதான். விரைவுப் பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப்பொருளை என்பதால், தொற்றிய தொடக்க வாரங்களில் அது பொய்யாக இல்லையென்று காட்டக்கூடும் என மருத்துவர் விளக்கினார்.

பாபேசியாவுக்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் 10 நாள், எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் 28 நாள் கொடுத்தோம். ஈறு சிவந்துவிட்டது. கிப்சோனி உடலில் தங்கிவிடக்கூடியது என்பதால், மறு பி.சி.ஆர். அடுத்த மாதம் எடுக்கிறோம்.