திருப்பூர் ஜீரோ டிஸ்சார்ஜ் – எம்.டெக் ப்ராஜெக்ட்டுக்கு மெம்பரேன் எடுக்கறதா, பாலிசி எடுக்கறதா?

நொய்யல்கரை:
எல்லாருக்கும் வணக்கம். என்விரான்மென்டல் இன்ஜினியரிங் எம்.டெக் ரெண்டாவது வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு திருப்பூர் சாயப்பட்டறை ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ், அதாவது கழிவுத்தண்ணிய சொட்டு கூட வெளிய விடாம சுத்திகரிச்சு மறுபடி ஓட்டறது, எடுக்கலாம்னு இருக்கேன். கைடு என்ன சொல்றார்னா புதுசா ஒரு மெம்பரேன் (வடிகட்டற சவ்வு) செஞ்சு லேப்ல சாயத்தண்ணி விட்டு ரிசல்ட் காட்டு, பேப்பர் ஆயிடும்ங்கறார். ஆனா மெம்பரேன் வழியா தண்ணிய அழுத்தி உப்பைப் பிரிக்கற ஆர்ஓ அங்க வருஷக்கணக்கா ஓடிட்டுதானே இருக்கு, அதுல நான் புதுசா என்ன கிழிச்சிடப் போறேன்னு தோணுது. கோர்ட்டு ஆர்டர், அரசு கடன்னு பாலிசி பக்கம் போலாமான்னும் ஒரு யோசனை. ஃபீல்டுல இருக்கறவங்க சொல்லுங்க, அங்க நிஜமாவே இன்னும் தீராம கெடக்கற பிரச்சனை எது?

ஆயக்கட்டு:
தம்பி, பாலிசின்னு போனா நொய்யல் ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் இருந்து ஆரம்பிங்க. ஒரத்துப்பாளையம் டேம் பாசனத்துக்குன்னு 1992 வாக்குல வந்துச்சு, கொஞ்ச வருஷத்துலயே சாயத்தண்ணி தேங்கற தொட்டியா ஆயிப்போச்சு. தண்ணி தொறந்தா பயிர் கருகுது, தொறக்கலைன்னா சுத்துவட்டாரக் கிணறெல்லாம் உப்பு. கடைசில பாசனத்துக்குக் கட்டின டேமுல தண்ணியே நிறுத்தாதீங்கன்னு விவசாயியே கேக்கற நெலம வந்துச்சு. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிக சங்கம் ஐகோர்ட்டுக்குப் போய் 2006 டிசம்பர்ல தீர்ப்பு வாங்குச்சு. பட்டறைக்காரங்க மேல்முறையீடு போனாங்க, 2009ல சுப்ரீம் கோர்ட்டும் சொட்டுத்தண்ணி வெளிய விடக்கூடாதுன்னுருச்சு. அப்பவும் வழிக்கு வரல. 2011 ஜனவரி 28ல ஐகோர்ட்டு மொத்தமா மூடுன்னு சொன்னப்பறம்தான் பிளான்ட்டை ஒழுங்கா ஓட்டறதைப் பத்தி எல்லாரும் பேச ஆரம்பிச்சாங்க. இத்தனைக்கும் ஆர்ஓ ஒண்ணும் 2011ல கண்டுபிடிச்ச சாமான் இல்லீங்களே. மெஷின் எப்பவோ இருந்துச்சு, அதை ஓட்ட வெச்சது எதுன்னு ஆராய்ச்சி பண்ணுங்க. எங்கூட்டுக் கிணத்துல இன்னிக்கும் தென்னைக்கு மட்டுந்தான் தண்ணி ஆகுது, வாயில வெக்க முடியாது.

ரிஜக்ட்_லைன்:
சிஇடிபில (பல பட்டறைக்கும் பொதுவான சுத்திகரிப்பு பிளான்ட்) ஷிஃப்ட் பாக்கறேன், அதனால என் பக்கத்துல இருந்து சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

உங்க கைடு சொல்ற மெம்பரேன் இங்க யாருக்கும் தலைவலி இல்ல. ஆர்ஓல வர்ற நல்ல தண்ணிய பட்டறைக்காரங்க மறுபடி வாங்கி டையிங்குக்கு ஓட்டிக்கறாங்க, அது பாட்டுக்கு நடக்குது. தலைவலி மிச்சத்துல இருக்கு. 6,000 டிடிஎஸ்ல (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைஞ்ச உப்பு) உள்ள போற தண்ணில 90 சதவீதம் ரெக்கவரி எடுத்தீங்கன்னா மிச்சம் வர்ற ரிஜக்ட் கிட்டத்தட்ட 60,000 ஆயிடும், கடல் தண்ணியே 35,000 தான். அதை எவாப்பரேட்டர்ல ஏத்திக் காய்ச்சணும். ஒரே ஸ்டீமோட சூட்டை நாலு கட்டமா பயன்படுத்தற நாலு எஃபெக்ட் எவாப்பரேட்டர்னா ஒரு கிலோ ஸ்டீமுக்கு சுமாரா மூணு கிலோ தண்ணி போகும். அந்த ஸ்டீமுக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. ஆத்தைக் காப்பாத்த லாரி லாரியா விறகு எரியுது, இதை யாரும் கணக்குல சேக்கறதில்ல.

சரி, இவ்வளவு உப்பு எங்கிருந்து வருது? காட்டன்ல ரியாக்டிவ் சாயம் ஏறணும்னா உப்பு போட்டுத் தள்ளணும். டார்க் கலருக்கு லிட்டருக்கு 60 கிராம்னு வெச்சுக்கங்க, ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் சாயத்தண்ணி, ஆக கிலோவுக்கு 360 கிராம் உப்பு. டன் துணிக்கு 360 கிலோ. அதுல ஒரு கிராம் கூட துணில தங்கப் போறதில்ல, சாயத்தைத் தள்ளிவிட்டுட்டு அப்படியே தண்ணியோட எங்ககிட்ட வந்துடும்.

இதுல முக்கியமான சங்கதி, பட்டறைல சோடியம் சல்பேட் போட்டா எங்களுக்கு வேலை சுலபம். 100 கிராம் தண்ணில 32 டிகிரில 50 கிராம் கிட்ட கரையற சல்பேட், 10 டிகிரிக்கு சில் பண்ணா 9 கிராம் தான் கரையும், மிச்சமெல்லாம் குளோபர் உப்பா கீழ படிஞ்சிடும், அள்ளித் திருப்பிக் கொடுத்துடலாம். சாதா உப்புக்கு (சோடியம் குளோரைடு) அந்த வித்தை பலிக்காது, சூடோ குளிரோ 36 கிராம் சொச்சம்தான். ரெண்டும் கலந்து வந்தா கடைசில மிக்ஸட் சால்ட்னு அழுக்குக் கலர்ல ஒண்ணு நிக்கும் பாருங்க, அதை எவனும் வாங்க மாட்டான், மூட்டை கட்டி ஷெட்டுல அடுக்க வேண்டியதுதான். எல்லாரும் சல்பேட்டே போட்டாலும் குளோரைடு வந்துடும்ங்கறதுதான் கூத்து. பிஎச் எறக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டா குளோரைடு, கலர் எடுக்க ஹைப்போகுளோரைட் விட்டா அதுவும் குளோரைடு. அதாவது சுத்தம் பண்றேன்னு நாமளே கெடுத்துக்கறோம். சல்ஃபூரிக்குக்கு மாறலாம், ஆனா ஒரு குழாய்ல பல பட்டறைத் தண்ணி சேரும்போது ஒருத்தன் மட்டும் விலை கம்மின்னு சாதா உப்பு போட்டான்னா மொத்த டேங்கும் போச்சு.

என்னைக் கேட்டா உங்க டாபிக் இதுதான். ஒரு சிஇடிபி மெம்பர்கள் அத்தனை பேரும் ஒரே உப்புதான்னு விதி வெச்சா மிக்ஸட் சால்ட் எவ்வளவு குறையும், விறகு எவ்வளவு மிச்சம், யாரு மீறினா எப்படிப் பிடிக்கறது. டெக்னாலஜியும் பாலிசியும் ரெண்டும் இதுலயே அடங்கிடும்.

கலர்மாஸ்டர்:
மேல சொன்னவர் ஞாயமாத்தான் சொல்றார், ஆனா எப்பப் பாத்தாலும் பட்டறைக்காரன் விலை கம்மிக்கு போட்டான்னு முடிச்சிடறாங்க. எங்க செலவு என்னன்னு யாராவது கேக்கறீங்களா. இங்க சொட்டு விடாம ஓட்டறோம், வேற மாநிலத்துக்காரன் சுத்திகரிச்சு ஆத்துல விட்டுட்டு அதே பையர்கிட்ட கிலோவுக்கு எங்களைவிடக் கம்மியா கோட் பண்றான். 2015ல மத்திய அரசு டிராஃப்ட் விட்டாங்க, ஒரு நாளைக்கு 25,000 லிட்டருக்கு மேல கழிவுத்தண்ணி வர்ற டெக்ஸ்டைல் யூனிட் எல்லாத்துக்கும் ஜீரோ டிஸ்சார்ஜ்னு. சரி இனி எல்லாருக்கும் ஒரே தராசுன்னு நெனச்சோம். 2016 அக்டோபர்ல ஃபைனல் வந்தப்ப எல்லாருக்கும்ங்கறது போய், தேவைப்பட்ட எடத்துல பெரிய யூனிட்டுக்கு மட்டும் சொல்லலாம்னு ஆயிடுச்சு. பாலிசி ஆராய்ச்சின்னா அந்த ஒரு வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு தோண்டுங்க தம்பி. 2011ல மூடினப்பறம் மாநில அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்துச்சு, அது இல்லாட்டி பாதிப் பேர் எந்திரிச்சிருக்கவே மாட்டாங்க, அதையும் எழுதுங்க.

அப்புறம் யாராச்சும் வந்து தண்ணியே இல்லாம கார்பன் டை ஆக்ஸைடுல சாயம் போடலாமேன்னு கேப்பீங்க, முன்கூட்டியே சொல்லிடறேன், அது பாலியஸ்டருக்கு. நாங்க ஓட்டறது காட்டன்.

நொய்யல்கரை:
அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, ஆயக்கட்டு ஐயாவுக்கும். உப்பு விஷயத்தையே எடுத்துக்கறேன். சாயத்தை இழுக்கற மாதிரி துணிக்கு முன்னாடியே பாசிடிவ் சார்ஜ் ஏத்தி கேட்டயானிக் பண்ணிட்டா உப்பே தேவையில்லைன்னு நெறைய பேப்பர் இருக்கே, அதையும் சேக்கட்டுமா? அப்புறம் சாம்பிள் எடுக்க பிளான்ட்டுக்குள்ள விடுவாங்களா?

கலர்மாஸ்டர்:
கேட்டயானிக் நாங்க போட்டுப் பாத்தாச்சு. சாயம் படக்குனு புடிச்சுக்குது, அதான் வினையே, ஒரு எடத்துல திட்டுத்திட்டா ஏறிக்கும். லேப்ல கைக்குட்டை சைஸ்ல அழகா வரும், 500 கிலோ சாஃப்ட் ஃப்ளோ டையிங் மெஷின்ல போட்டுப் பாத்தாத்தான் தெரியும். ஒரு பாரா எழுதிட்டு நகந்துருங்க.

ரிஜக்ட்_லைன்:
காலேஜ் லெட்டர்ஹெட்ல எச்ஓடி கையெழுத்தோட போங்க, பெரும்பாலும் விடுவாங்க. ஆனா விசிட்டர்னு போனா நேரா ஆர்ஓ ப்ராடக்ட் தண்ணிய கண்ணாடி டம்ளர்ல புடிச்சுக் காட்டுவாங்க, அது உங்களுக்கு வேணாம். ஈக்வலைசேஷன் டேங்க் (எல்லாப் பட்டறைத் தண்ணியும் வந்து கலக்கற எடம்), ஆர்ஓ ரிஜக்ட், எவாப்பரேட்டர் ஃபீடு, கிரிஸ்டலைசர் மதர் லிக்கர் (உப்பு படிஞ்சப்பறம் மிஞ்சற தண்ணி), இந்த நாலும் வேணும்னு லெட்டர்லயே எழுதிடுங்க. டிடிஎஸ் மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, குளோரைடு சல்பேட் ரெண்டையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணுங்க, அந்த ரேஷியோதான் உங்க தீசிஸே. தீபாவளிக்கு முன்னாடி வந்தீங்கன்னா ஃபுல் லோடு ஓடும், அப்பறம்னா டேங்க் பாதிதான் இருக்கும்.