தொப்பூர் இறக்கத்தில் விரல் மடங்கிக்கொண்ட அன்று

தர்மபுரியிலிருந்து:
போன ஆடியில் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. காலை சேலம் பஸ், பாளையம் டோல்கேட் தாண்டி இறக்கம் ஆரம்பிக்கிற இடம். அடிக்கடி விபத்து நடக்கிற அந்த ரோட்டைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போன லாரியிலிருந்து பிரேக் கருகுகிற வாடை வந்தது, அவ்வளவுதான், நெஞ்சுக்குள் உரல் இடிப்பதுபோல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. மூச்சு போதவில்லை என்று வேகவேகமாக இழுக்கிறேன், இழுக்க இழுக்க உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, அப்புறம் இரண்டு கையிலும் விரல்கள் தானாக உள்ளே மடங்கிக் கொக்கி மாதிரி நின்றுவிட்டன. பக்கத்தில் மல்லிக் கூடையோடு இருந்த அம்மா, "என்ன சாமி, கை இப்படி சில்லுனு இருக்குது" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டார். பூ நனைத்த ஈரம் அந்தக் கையில் இருந்தது. தொப்பூர் வருவதற்குள் விரல் இளகிவிட்டது. நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அங்கேயே இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து சேலத்துக்கு ரயில்தான், பஸ் ஏறவே இல்லை.

போச்சம்பள்ளியிலிருந்து:
அண்ணா, உங்கள் கையைப் பிடிக்க ஒருத்தர் இருந்தார். எனக்கு மாங்கூழ் ஃபேக்டரியில் வந்தது, பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த நேரம், ஆவியும் சத்தமுமாக இருக்கும். முதல் தடவை வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை காத்து கருப்பு என்று மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். மூன்றாம் தடவைதான் ஆஸ்பத்திரி. ஈசிஜிக்கு நெஞ்சில் ஒட்டியதை எடுத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் "ஒண்ணுமில்லைங்க, கூட்டிட்டுப் போங்க" என்றார். வழியெல்லாம் அவர் பேசவில்லை. வீட்டில் அன்றிலிருந்து நான் நடிக்கிறேன் என்று ஆகிவிட்டது. செத்துவிடுவேன் என்று நினைத்துத்தான் போனேன், அது ஒண்ணுமில்லாததா?

ஓசூரிலிருந்து:
அக்கா, டாக்டர் சொன்னது தப்பில்லை. இதயத்தில் ஒன்றுமில்லை என்பது நல்ல செய்தி, அதோடு "இது பதற்றத் தாக்கு, மருத்துவம் இருக்கிறது" என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் சிப்காட்டில் நைட் ஷிப்ட்டில் வந்து லாக்கர் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
தர்மபுரி நண்பருக்கு: விரல் மடங்கியது பக்கவாதம் இல்லை. வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகிறது, அதனால்தான் உதடு மரப்பதும் விரல் இழுப்பதும். காற்று போதாத மாதிரி இருக்கும், உண்மையில் அதிகமாக இழுக்கிறோம். அதனால் 4 எண்ணி மூக்கால் இழுத்து 6 எண்ணி மெதுவாக விடுங்கள், விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாக இறங்கும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வார்கள், செய்யாதீர்கள், அது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் ஆபத்து. முதல் தடவை நெஞ்சு வலித்தால் நாமே பதற்றம் என்று முடிவு கட்டாமல் ஈசிஜி எடுக்கத்தான் வேண்டும், தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள், பழகிவிடும். மனநல டாக்டர் தினமும் போடச் சொல்லும் மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், இரண்டு நாளில் நிறுத்திவிட்டுப் பலனில்லை என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 14416 என்பது அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்), இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். அப்புறம் அந்த ரயில் விஷயம். தவிர்க்கத் தவிர்க்கப் பயம்தான் வளரும். முதலில் டோல்கேட் வரை போய் இறங்கித் திரும்புங்கள், பிறகு இறக்கம்.

போச்சம்பள்ளியிலிருந்து:
தப்பில்லை என்று நீங்கள் சுலபமாகச் சொல்கிறீர்கள் தம்பி. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது நான். 14416ஐ எழுதி வைத்துக்கொண்டேன்.

தர்மபுரியிலிருந்து:
ஓசூர் நண்பரே, நான் யோசனை கேட்டு எழுதவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை டோல்கேட் வரை போய்வந்தேன். கை வியர்த்தது, மடங்கவில்லை.
நான் எழுதியது அந்த அம்மாவுக்காக. ஏழு மணி வாக்கில் கிளம்பும் சேலம் பஸ், ஈரச் சாக்கு சுற்றிய மல்லிக் கூடை, முன்னங்கையில் பச்சை குத்தியிருக்கும். அந்த வழியில் போகிறவர்கள் பார்த்தால், கை இப்போது பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள்.