நாக்கு கருப்பாக இருந்தால்தான் கருங்கோழியா?

அல்சூர் சேவல்:
நேற்று இந்தக் கோழி வளர்ப்புக் குழுவில் ஒரு பெரியவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கடக்நாத் என்கிற கருங்கோழிக் குஞ்சு 300 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால் அது கலப்புதானாம். வாயைத் திறந்து நாக்கு கரிக்கட்டை மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் போதுமாம். நான் சந்தாபுரா தாண்டி ஒரு பண்ணையில் 90 ரூபாய் வீதம் எட்டுக் குஞ்சு எடுத்தேன். இப்போது நான்கு மாதம் ஆகிறது. தோல், கால், அலகு எல்லாம் கருப்பு. நாக்கு கொஞ்சம் ஊதா, அவ்வளவுதான். மொட்டை மாடியில் எட்டுக் கோழி வளர்ப்பவன் குஞ்சுக்கே 2400 ரூபாய் கொட்ட வேண்டுமா?

ஆனேக்கல் அண்ணாச்சி:
அந்தப் பெரியவர் நான்தான் தம்பி. பெயரைச் சொல்லியே திட்டலாம். 22 வருஷமாகக் கோழியோடு கிடக்கிறேன், தூத்துக்குடியில் ஆரம்பித்து ஆனேக்கல் வரைக்கும். நாக்கு ஊதா என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் என்ன வழக்கு? தோலும் காலும் ஏமாற்றும், நாக்கு ஏமாற்றாது. 90 ரூபாய்க்குக் கொடுத்தவர் தானதர்மம் செய்யவில்லை. கருங்கோழிச் சேவலை ஏதோ ஒரு நாட்டுப் பெட்டையோடு விட்டிருப்பார்.

பஞ்சாரம்:
அண்ணாச்சி, கடக்நாத்துக்கு அதன் ஊரான மத்தியப் பிரதேச ஜாபுவா பெயரில் 2018-லேயே புவிசார் குறியீடு கொடுத்தாகிவிட்டது. இந்த இனத்தைப் பற்றி நான் படித்ததில் எல்லாம் கொண்டை, தாடி, நாக்கு மூன்றும் ஊதா சாயல் என்றுதான் இருக்கிறது. கரிக்கட்டை உங்கள் கணக்கு.

ஆனேக்கல் அண்ணாச்சி:
படித்துப் பார்ப்பது வேறு, பிடித்துப் பார்ப்பது வேறு அம்மா. என் கூண்டில் இருக்கும் 14 உருப்படிக்கும் நாக்கு கருப்பு. ஊதா என்று எழுதியவர் எந்த வெளிச்சத்தில் பார்த்தாரோ.

ஓசூர் பார்டர்:
அண்ணாச்சியின் பரீட்சையிலேயே ஓட்டை இருக்கிறது. இந்தக் கருப்பு, கலப்பிலும் மறையாமல் வரும் பண்பு. கருங்கோழிச் சேவலை வெள்ளைத் தோல் பெட்டையோடு சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் நன்றாகவே கறுத்துப் பிறக்கும், சேவல் குஞ்சுகள் வெளிறிப்போகும். மரபியலாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் 1911-லேயே, இதே மாதிரி கருந்தோல் உள்ள சில்கி கோழியை வைத்து இதை எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் கருத்த வாயோடு கலப்புப் பெட்டையும் இருக்கலாம் இல்லையா? நாக்கை விட்டுவிட்டு, அந்தப் பண்ணையில் சேவல்களும் கருப்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தாய்க்கூட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வண்டியைத் திருப்புங்கள். 90 ரூபாயோ 300 ரூபாயோ, விலை எதையும் நிரூபிக்காது.

ஆனேக்கல் அண்ணாச்சி:
சில்கி சீனாக்காரன் கோழி. ஜாபுவா கோழியைப் பற்றி 1911-ல் ஒரு இங்கிலாந்துக்காரன் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மத்திகிரியில் கோழியினக் கல்லூரி இருக்கிறது என்பதற்காக ஓசூரில் குடியிருக்கிற எல்லோரும் பேராசிரியர் ஆகிவிட முடியாது.

ஓசூர் பார்டர்:
நான் பேராசிரியர் என்று எப்போது சொன்னேன்? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கலப்புப் பெட்டைக்குக் கருப்பு நாக்கு வருமா, வராதா?

ஆனேக்கல் அண்ணாச்சி:
என் கூண்டில் வராது.

கம்மனஹள்ளி மாடி:
நான் புதுசு. எனக்கு ஆறு கோழி போதும், வீட்டுக்கு முட்டை வேண்டும், பட்ஜெட் ஆயிரம் ரூபாய். கருங்கோழி முட்டையும் கருப்பாக இருக்கும் என்று சிவாஜிநகரில் ஒரு கூண்டுக்கடையில் சொன்னார்கள். உண்மையா? தோனிகூட 2000 குஞ்சு வாங்கினார் இல்லையா?

பஞ்சாரம்:
முட்டை இளம்பழுப்புதான். ரத்தமும் சிவப்புதான். அப்படிச் சொன்ன கடையில் குஞ்சு வாங்காதீர்கள். முட்டைதான் வேண்டுமென்றால் கடக்நாத்தே வேண்டாம், வருஷத்துக்கு நூறை எட்டினாலே பெரிய விஷயம். அதோடு அடை உட்காருவதிலும் சுணக்கம். ஹெப்பாலில் உருவான கிரிராஜா என்ற கலப்பினம் இருக்கிறது. ஹெசரகட்டா மத்திய கோழிப் பண்ணையின் காவேரி இருக்கிறது. குஞ்சு எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேவலும் பெட்டையும் கலந்துதான் தருவார்கள், ஆறு பெட்டை வேண்டுமென்றால் பன்னிரண்டு குஞ்சு எடுக்க வேண்டியிருக்கும்.

ஆனேக்கல் அண்ணாச்சி:
சுத்த இனம் கேட்டு வந்த இடத்தில் கிரிராஜாவா! பெயரில் ராஜா இருந்தால் அரச வம்சமா? அதன் முட்டையைப் பொரித்தால் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு தினுசாக நிற்கும்.

பஞ்சாரம்:
அவர் கேட்டது முட்டை. சுத்த இனம் கேட்டது அல்சூர்க்காரர்.

யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ்:
தோனியை எதற்கு இழுக்கிறீர்கள்? இது பெங்களூரு. 2025-ல் கோப்பை தூக்கிய ஊர்.

கம்மனஹள்ளி மாடி:
18-வது சீசனில் ஒன்று. எங்களிடம் ஐந்து இருக்கிறது.

யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ்:
அந்த ஐந்தை அடை வைத்துப் பொரித்துக்கொள்ளுங்கள்.

அல்சூர் சேவல்:
கிரிக்கெட்டை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி, சுத்தம் பற்றிப் பேசுகிறீர்களே, போன வருஷம் உங்களிடம் 12 பொரிமுட்டை வாங்கினேனே, ஒன்று 50 ரூபாய். ஒரு சிறுவிடை நாட்டுக்கோழியை அடை வைத்து 21 நாள் காத்திருந்ததில் பொரிந்தது மூன்று. அந்த 600 ரூபாய்க்கு என் 90 ரூபாய்க் குஞ்சு ஆறு வந்திருக்கும்.

ஆனேக்கல் அண்ணாச்சி:
முட்டையை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு சில்க் போர்டு வழியாகக் குலுக்கிக்கொண்டு போனால் ஆம்லெட்தான் பொரியும். வீட்டுக்குப் போனதும் கூர்முனை கீழே இருக்கிற மாதிரி ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் அடை வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே வைத்துவிட்டேன் என்று நீங்களே ஃபோனில் சொன்னீர்கள். பொரிந்த மூன்றுக்கும் நாக்கு என்ன நிறம்? அதைச் சொல்லுங்கள்.

அல்சூர் சேவல்:
மூன்றும் சேவல். வளர்ந்ததும் விடியற்காலை மூன்றரைக்கே கூவி, கீழ்வீட்டுக்காரர் ஓனரிடம் சொல்லி, கூவ ஆரம்பித்த ஒரே மாதத்தில் எல்லாம் குழம்பாகிவிட்டது. நாக்கைப் பார்க்கவில்லை.

ஆனேக்கல் அண்ணாச்சி:
பார்த்திருக்க வேண்டும்.

அல்சூர் சேவல்:
கோழிக்கு எப்படியோ, உங்களுக்குக் கருநாக்குதான். அதற்கு முந்தின தையில் "இந்தக் குஞ்சுகள் தேறாது" என்று எழுதினீர்கள். அடுத்த வாரமே வெள்ளைக்கழிச்சலில் நான்கு போனது.

ஆனேக்கல் அண்ணாச்சி:
ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்புச் சொட்டு மருந்து விட்டீர்களா? விடவில்லை. பழி மட்டும் என் நாக்குக்கு.

அல்சூர் சேவல்:
குப்பி குறைந்தது நூறு டோஸ். எட்டுக் குஞ்சுக்கு விட்டுவிட்டு மிச்சத்தை யாருக்கு ஊற்றுவது?

ஓசூர் பார்டர்:
திறந்து கரைத்த மருந்தை மறுநாளைக்கு வைக்க முடியாது என்பது உண்மைதான். பக்கத்தில் கோழி வைத்திருக்கும் நான்கைந்து வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் குஞ்சு எடுத்து, ஒரே குப்பியைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். குஞ்சு விலையில் மிச்சம் பிடித்து இதில் கோட்டை விடுகிறீர்கள்.

கம்மனஹள்ளி மாடி:
என் ஆயிரம் ரூபாய்க்கு என்ன வாங்குவது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். அந்தச் சிறுவிடை அடைக்கோழி எங்கே கிடைக்கும்?

ஆனேக்கல் அண்ணாச்சி:
சிறுவிடை பற்றித் தனியாகப் பேசலாம் தம்பி, அது கடல். முதலில் இந்த நாக்கு விஷயம் முடியட்டும். அல்சூர்க்காரர் இன்னும் படம் போடவில்லை.

அல்சூர் சேவல்:
இதோ போட்டிருக்கிறேன். பெட்டையின் வாயைத் திறந்து எடுத்தது. என் விரலில் கொத்து வாங்கியதுதான் மிச்சம்.

பஞ்சாரம்:
ஊதா கலந்த கருப்பு. இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஓசூர் பார்டர்:
இதை வைத்துச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது, கலப்பு என்றும் சொல்ல முடியாது. சேவல் படம் இருக்கிறதா?

ஆனேக்கல் அண்ணாச்சி:
வெளிச்சம் சரியில்லை. பகலில் எடுத்துப் போடுங்கள்.

அல்சூர் சேவல்:
மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் எடுத்தது அண்ணாச்சி.