நடுவர் தீர்ப்புக்கு மேலேயும் கோர்ட்டா?

நகரிக்காரன்:
ஆந்திரப் பக்கம் ஒரு அரசு நிறுவனத்தில் டிரைவர் ஒருவரை வேலைநீக்கம் செய்தார்கள். சங்கமும் நிர்வாகமும் சேர்ந்தே ஒரு நடுவரை வைத்தார்கள். அவர் வேலை கொடுக்கச் சொன்னார். நிர்வாகம் நேரே ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டது. ஹைதராபாத்தில் போட்ட வழக்கு, 2019-இல் தனி ஹைகோர்ட் வந்ததும் அமராவதிக்கு மாறியது. அன்றிருந்த 1947 தொழில் தகராறு சட்டத்தின் 17(2) பிரிவு, தீர்ப்பே இறுதி, எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்கக்கூடாது என்றது. பிறகு இந்த அலைச்சல் எதற்கு?

கொல்லங்கோட்டான்:
பாராளுமன்றம் போட்ட சட்டம், ஹைகோர்ட்டுக்கு ரிட் அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 226-ஐ அடைக்க முடியாது ஐயா. அடைக்கவும் வேண்டாம். 1979-இல் தீர்ப்பான குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கைப் பாருங்கள். தனியார் கம்பெனிதான், ஆனால் சட்டம் ஒன்றே. அங்கே நடுவர் நிர்வாகத்தின் பக்கம் நின்று நூற்றுக்கணக்கானவர்களின் வேலைநீக்கத்தைச் சரி என்றார். ஹைகோர்ட்தான் அதைப் புரட்டியது. சுப்ரீம் கோர்ட்டில் அதை ஏற்ற பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர், எங்கள் பாலக்காட்டில் பிறந்தவர். நடுவர் சொல்லே கடைசி என்றிருந்தால் அத்தனை பேரும் வீட்டில்தான்.

நகரிக்காரன்:
அங்கே மேலே போனது தொழிலாளி. இங்கே போவது நிர்வாகம், வக்கீல் ஃபீஸ் பொதுப்பணம். அவர்கள் ஜெயிக்கக்கூட வேண்டாம், இழுத்தாலே போதும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கொல்லங்கோட்டான்:
அதற்குத்தான் அதே சட்டத்தில் 17பி பிரிவு இருந்ததே? மீண்டும் வேலை கொடு என்ற தீர்ப்பை எதிர்த்து மேலே போனால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது.

நகரிக்காரன்:
17பி-யைத் திறந்து படித்துவிட்டுச் சொல்லுங்கள். லேபர் கோர்ட், டிரிப்யூனல், நேஷனல் டிரிப்யூனல் என்று மூன்றுதான் இருந்தது. நடுவர் அதில் இல்லை! இருந்தாலும், வேறெங்கும் வேலை செய்யவில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்கணும் என்றிருந்தது. அதுவரை அவன் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

சித்தூர் ஓய்வூதியர்:
நான் மத்திய அரசில் இருந்தவன். எங்களுக்கு 1966 முதல் ஜே.சி.எம். உண்டு, அரசும் ஊழியர்களும் கூடிப் பேசும் அமைப்பு. சம்பளம், வேலை நேரம், விடுப்பு பற்றி மட்டும் நடுவர் மன்றம் போகலாம், தனி ஆள் விவகாரம் போகாது. அந்த முடிவையும் பாராளுமன்றம் மாற்றலாம். உங்கள் 1947 சட்டத்தில் 17ஏ இன்னும் மோசமாக இருந்தது. அரசே ஒரு தரப்பாக இருந்து தோற்றாலும், பொதுநலன் என்று சொல்லி, டிரிப்யூனல் தீர்ப்பை 90 நாளுக்குள் தானே திருத்தலாம் என்றிருந்தது. ஆந்திர ஹைகோர்ட் 1997-இல் அதை ரத்து செய்தது. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. ஆக, கோர்ட்டே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள் தம்பி.

நகரிக்காரன்:
வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணே. மோசடி, அதிகார மீறல் என்றால் தாராளமாகப் போகட்டும். தண்டனை போதாது என்று நடுவரின் கணக்கையே மறுபடி போடுவது எந்த நியாயம்?

கொல்லங்கோட்டான்:
அதை ஹைகோர்ட்டும் செய்யக்கூடாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழக்கைப் போடாமல் தடுக்க முடியாது. அடுத்த முறை நடுவர் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்: நிர்வாகம் மேலே போனால் முடியும்வரை முழுச் சம்பளம்.

நகரிக்காரன்:
நிர்வாகம் கையெழுத்துப் போடுமா?

கொல்லங்கோட்டான்:
போடாவிட்டால் நடுவரிடம் போகாதீர்கள். டிரிப்யூனலுக்கே போங்கள்.