பழைய செய்திப்படம், ஸ்டுடியோ புகைப்படம், கூத்து வீடியோ: ஆவணப்படத்தில் சேர்க்க யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

தென்பெண்ணைக் கரை:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி அணையைப் பற்றியும், அதன் வாய்க்கால் பாசனத்தை நம்பி வாழும் காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர்களைப் பற்றியும் ஒரு மணி நேர ஆவணப்படம் எடுத்து வருகிறோம். படப்பிடிப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. நாங்கள் எடுக்காத, ஆனால் படத்துக்கு இன்றியமையாத சில பழைய ஆவணங்கள் குறித்துத்தான் ஆலோசனை கேட்கிறேன்.

முதலாவது, யூடியூபில் கிடைத்த ஒரு கருப்பு வெள்ளைச் செய்திப்படத் துண்டு. 1957இல் அரசு எடுத்தது என்று அதில் குறிப்பு உள்ளது. பதிவேற்றிய சேனல் மூலையில் தன் முத்திரையைப் பதித்திருக்கிறது. இரண்டாவது, அணை கட்டும்போது பெண்கள் தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமந்து வரிசையாகச் செல்லும் ஒரு புகைப்படம். தர்மபுரியில் முன்பு இருந்த ஒரு ஸ்டுடியோவின் ஊதா நிற ரப்பர் முத்திரை அதன் பின்புறத்தில் மங்கலாகத் தெரிகிறது. ஒப்பந்ததாரரின் குடும்பத்தார் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் 1998இல் நடந்த பாரதக் கூத்தின் வி.எச்.எஸ். நாடா. இவை போக, தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் பேசும்போது பின்னால் வானொலியில் பழைய திரைப்பாடல் ஒன்று தெளிவாகக் கேட்கிறது.

பத்து விநாடிக்குள் இருந்தால் சிக்கல் இல்லை என்றும், இறுதியில் நன்றி போட்டால் போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். படத்தை ஓ.டி.டி. தளத்துக்கும் வெளிநாட்டு விழாக்களுக்கும் அனுப்ப விரும்புவதால், முறையாகச் செய்ய எண்ணுகிறோம்.

ஆவணப்பெட்டி:

வணக்கம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குப் பழைய படச்சுருள்களைத் தேடி, உரிமை பெற்றுத் தருவதே என் வேலை. சொந்த ஊர் பாலக்கோடு. அணையைப் பற்றி இப்படியொரு படம் வருவது அறிந்து மகிழ்ச்சி.

பத்து விநாடி, முப்பது விநாடி என்று எந்தக் கணக்கும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கிடையாது. நன்றி அறிவிப்பு மரியாதை. அது அனுமதி ஆகாது. பொருளைக் கையில் வைத்திருப்பவர் வேறு, உரிமை உடையவர் வேறு என்பதை ஒவ்வொரு ஆவணத்தை எடுக்கும்போதும் நினைவில் வையுங்கள். யூடியூபில் முத்திரை பதித்தவருக்குப் பெரும்பாலும் எந்த உரிமையும் இருக்காது. அவரிடம் அனுமதி பெற்றாலும் அது செல்லாது. புனேயில் 1964இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் ஒரு படத்தின் பிரதி இருப்பதாலேயே அப்படத்தின் உரிமை காப்பகத்துக்கு வந்துவிடுவதில்லை. காப்பகம் பிரதி தரலாம். உரிமையைத் தயாரிப்பாளரிடமோ அவர் எழுதிக் கொடுத்தவரிடமோதான் பெற வேண்டும்.

உங்கள் செய்திப்படத் துண்டு, மத்திய அரசின் செய்திப்பட, ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்ததாக இருக்க வாய்ப்புண்டு. 1948இல் தொடங்கிய அந்நிறுவனம் இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. அரசுப் படைப்புக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. எனவே அது உண்மையிலேயே 1957இல் வெளியான அரசுப் படம் என்றால், 2017 முடிவோடு உரிமை தீர்ந்தது. அப்படியானாலும் யூடியூப் பிரதியைத் தரவிறக்கிப் பயன்படுத்த வேண்டாம். பெரிய திரையில் அந்தத் தரம் நிற்காது. ஆண்டையும் தயாரிப்பாளரையும் உறுதிசெய்யும் முகப்பு அட்டையும் அதில் வெட்டப்பட்டிருக்கலாம். நல்ல ஸ்கேன் பிரதிக்குக் காப்பகம் கட்டணமும் நிபந்தனைகளும் விதிக்கும். பதிப்புரிமை தீர்ந்திருந்தாலும், நீங்கள் கையெழுத்திடும் அந்த ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தும் என்பதால், எத்தனை விநாடி, எந்த ஊடகம், எந்த நாடுகள் என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

கிருஷ்ணகிரி வழக்கறிஞர்:

மேலே நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மற்ற மூன்றைப் பற்றி எழுதுகிறேன்.

புகைப்படம்தான் இவற்றில் கடினமானது. பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஒப்பந்ததாரர் காசு கொடுத்து ஸ்டுடியோக்காரரை வரவழைத்திருந்தால், உரிமை அவருடைய வாரிசுகளுடையது. ஸ்டுடியோக்காரர் தானாகவே போய் எடுத்து, விற்ற பிரதிகளில் ஒன்று இது என்றால், உரிமை அவருடைய குடும்பத்துக்குப் போகிறது. ஆகவே அந்தக் குடும்பத்திடம் முதலில் கேட்க வேண்டியது, படம் யார் செலவில் எடுக்கப்பட்டது என்பதுதான். பழைய ரசீதோ கடிதமோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கால அளவும் எளிதல்ல. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்கு முன் புகைப்படத்துக்கு வெளியான ஆண்டை வைத்து 60 ஆண்டு கணக்கிட்டார்கள். திருத்தம் அந்தத் தனிப் பிரிவை நீக்கியதால், இப்போது எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் கணக்கு. 1951ஆம் ஆண்டு வரை அச்சில் வெளிவந்த படங்களின் உரிமை திருத்தத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. உங்கள் படம் அதற்குப் பிந்தியது, பெட்டிக்குள்ளேயே இருந்தது. எனவே உரிமை உயிரோடு இருப்பதாகவே கொண்டு செயல்படுவது பாதுகாப்பு.

கூத்து நாடாவில் இரண்டு அடுக்குகள் உண்டு. பாரதக் கதைக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் வீடியோ எடுக்கப் பணம் கொடுத்தது விழாக் குழு என்றால், பதிவின் உரிமை குழுவுடையது; கேமராக்காரருடையதன்று. அதற்கு மேல், மேடையில் ஆடிய ஒவ்வொரு கலைஞருக்கும் நிகழ்த்துநர் உரிமை, அதாவது தன் ஆட்டத்தின் பதிவைப் பிறர் பயன்படுத்துவது குறித்த உரிமை, 50 ஆண்டுகள் வரை இருக்கிறது. 1998இல் ஆடியவர்களுக்கு அது 2048 முடிய நீடிக்கும். கூத்துக் கலைஞர்களிடம் யாரும் எழுத்தில் அனுமதி கேட்பதில்லை என்பதற்காக அந்த உரிமை இல்லாமல் போய்விடாது. படுகளத்தில் துரியோதனனாக விடிய விடிய ஆடியவரின் முகம் உங்கள் படத்தில் வருகிறது. அவரைத் தேடிப் போய்க் கேட்பதும், ஒரு தொகை கொடுப்பதும் சட்டத்துக்கும் நியாயத்துக்கும் பொருந்தும்.

தேநீர்க் கடைப் பாடலில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பின்னணியில் தற்செயலாக விழும் ஓவியம், சுவரொட்டி, சிற்பம் ஆகியவற்றுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு கலைப்படைப்புக்கு மட்டுமே, பாட்டுக்கு இல்லை. மிகச் சிறு அளவிலான பயன்பாட்டைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்ற கோட்பாட்டை 2012இல் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்றது உண்மை. ஆனாலும் அது வழக்கு வந்தபின் வாதிட உதவுமே தவிர, ஓ.டி.டி. தளத்தின் சட்டப் பிரிவை அதைக் காட்டி ஒப்புக்கொள்ள வைப்பது கடினம். பாடல்வரி, இசை, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் தனித்தனி உரிமைகள். பாரதியார் பாட்டாகவே இருந்தாலும், யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுவுடைமை வரிகள் மட்டும்தான். அதற்கு அமைத்த மெட்டும் பதிவான இசைத்தட்டும் வேறொருவருடையதாக இருக்கலாம்.

தென்பெண்ணைக் கரை:

மிக்க நன்றி, ஐயா. ஒப்பந்ததாரரின் பேரனிடம் பேசினேன். தாத்தாதான் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னதாகவும், தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் தொலைபேசியில் சொன்னார். அது போதுமா? முத்திரையும் பெயரும் இல்லாத இன்னொரு புகைப்படமும் இருக்கிறது; அதை யாருடையது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

கிருஷ்ணகிரி வழக்கறிஞர்:

வாய்ச்சொல் போதாது. உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். தாத்தாவுக்கு வாரிசுகள் பலர் என்றால் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். அதைவிட முக்கியமாக, காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்புவதால், உலகம் முழுவதும், உரிமை நீடிக்கும் காலம் வரை, திரையரங்கு, தொலைக்காட்சி, இணையம், முன்னோட்டம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். புகைப்படத்தின் சிறு நகலை ஒப்பந்தத்திலேயே ஒட்டிவிட்டால், எந்தப் படத்துக்கு அனுமதி என்ற குழப்பம் பின்னாளில் வராது.

உரிமையாளரைக் கண்டறிய முடியாத படைப்புக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவின்படி உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுத்து, நிர்ணயிக்கப்படும் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். ஒரு புகைப்படத்துக்காக ஒரு சிறிய தயாரிப்பு அத்தனை தூரம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே காட்சியைச் சொல்லும் வேறு படம் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் எடிட்டர்:

எடிட்டிங் மேசையிலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். அனுமதி வராத ஒவ்வொரு துண்டின் மீதும் 'அனுமதி நிலுவை' என்ற எழுத்தை டைம்லைனில் பெரிதாகப் பதித்து வையுங்கள். ஒரு எக்செல் தாளில் தொடங்கும் நேரம், முடியும் நேரம், எங்கிருந்து வந்தது, உரிமையாளர், கையெழுத்தான தேதி ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். படத்தை ஒப்படைக்கும்போது தளத்தினர் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். தேநீர்க் கடைக் காட்சியில் பெரியவரின் குரலும் பாடலும் ஒரே மைக்கில் பதிவாகியிருந்தால், மென்பொருளால் பிரித்தாலும் குரல் கெட்டுவிடும். அவர் நலமாக இருக்கிறார் என்றால், வானொலியை நிறுத்தச் சொல்லி அந்தப் பேச்சை மறுபடியும் எடுத்துவிடுங்கள்.

தென்பெண்ணைக் கரை:

பேரனின் இரண்டு அத்தைகள் சேலத்தில் இருக்கிறார்கள். மூவரிடமும் கையெழுத்து வாங்க அவரே உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெயரில்லாத புகைப்படத்தை விட்டுவிடுகிறோம். கூத்து நாடாவைப் பொறுத்தவரை, விழாக் குழுவின் அன்றைய பொருளாளர் ஆடியவர்களின் பெயர்களை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்; அந்தப் பட்டியல் வந்ததும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் செல்கிறோம்.