திப்பியில் ஈஸ்ட் வளர்கிறது, எண்ணெய்தான் வெளியே வரவில்லை

வணக்கம் நண்பர்களே. ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். சேகோ ஆலைத் திப்பி (ஜவ்வரிசிக்காக மரவள்ளிக்கிழங்கில் மாவு பிழிந்தபின் மிஞ்சும் சக்கை) மழையில் நனைந்து புளித்து நாறுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். மாவு பிழிந்த பிறகும் காய்ந்த திப்பியில் பாதி அளவுக்கு ஸ்டார்ச் நிற்கிறது. அதை வீணாக்க மனசு வரவில்லை.

முதுகலை ஆய்வுக்காக அதை அமைலேஸ் நொதியால் சர்க்கரையாக்கி, ரோடோடொருலா டொருலாய்டிஸ் என்ற ஈஸ்டை வளர்க்கிறேன். சர்க்கரை ஏராளமாக இருந்து நைட்ரஜன் தீர்ந்துபோனால், இது பெருகுவதை நிறுத்திவிட்டு எண்ணெயாகச் சேர்த்து வைக்கும். கொழுப்பில் ஏறி ஒளிரும் நைல் ரெட் சாயம் ஏற்றிப் பார்த்தேன். செல்லுக்குள் மஞ்சள் பொட்டு மாதிரி எண்ணெய்த் துளிகள் மின்னுகின்றன. அவ்வளவு அழகு!

ஆனால் குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையில் பிரித்தால் காய்ந்த எடையில் 8 சதவீதம்தான் தேறுகிறது. இந்த ஈஸ்டில் 50 சதவீதத்துக்கு மேலும் எடுத்திருக்கிறார்கள். தடித்த செல்சுவர்தான் தடை என்று நினைக்கிறேன். திப்பி நாரும் எடையில் சேர்ந்து கணக்கைக் கெடுக்கிறதோ?

எங்களிடம் சோனிகேட்டர் (ஒலி அலையால் செல்லை உடைக்கும் கருவி) இல்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கிச் செல்லை உடைத்தவர்கள் இருந்தால், அமிலத்தின் அளவு, வெப்பம், நேரம் மூன்றையும் சொல்லுங்கள். அப்புறம், சேலம், நாமக்கல் பக்கம் சோனிகேட்டரை ஒரு நாள் பயன்படுத்தத் தரும் ஆய்வகம் தெரிந்தாலும் சொல்லுங்கள், கிளம்பி வந்துவிடுகிறேன்.