ஒன்றியத்தை விட்டு விலகும் முடிவை எடுக்க வேண்டியது நாடாளுமன்றமா, அரசா?

கேள்வி

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய வரலாற்றைப் படித்து வருகிறேன். 2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 51.9 விழுக்காட்டினர் விலக வேண்டும் என்று கூறினர். அதற்குப் பிறகும், விலகல் அறிவிப்பைப் பிரதமர் தாமாகவே கொடுக்கலாமா அல்லது நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதி தந்தாக வேண்டுமா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. உடன்படிக்கைகளில் சேர்வதும் விலகுவதும் பொதுவாக அரசின் பணிதானே? மக்களே நேரடியாக முடிவு சொல்லிவிட்ட ஒரு விஷயத்தில் இடையில் நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை?

முதல் மறுமொழி

நண்பரே, உடன்படிக்கைகளைப் பற்றி நீங்கள் சொல்வது பொது விதியாகச் சரிதான். பிரித்தானியாவில் வெளியுறவு விவகாரங்கள் முடியாட்சியின் சிறப்பதிகாரம் (நாடாளுமன்றத்தைக் கேளாமல் செயல்படும் அதிகாரம்) என்ற பழைய மரபின் வழியாக அமைச்சர்களின் கையில் இருக்கின்றன. ஆனால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை அந்தச் சிறப்பதிகாரத்தைக் கொண்டு மாற்றவோ நீக்கவோ முடியாது என்ற எல்லையும் அதே அளவுக்குப் பழையது. 1610-இல் அரச ஆணைகள் பற்றிய வழக்கில் நீதிபதி எட்வர்ட் கோக் வகுத்ததும், 1689-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் உறுதி செய்ததும் இந்த எல்லையைத்தான்.

சாதாரண உடன்படிக்கை நாடுகளுக்கு இடையிலான ஏற்பாடாகவே நின்றுவிடும். உள்நாட்டுக் குடிமகனுக்கு அது நேரடியாக உரிமை எதையும் தருவதில்லை. ஐரோப்பிய உடன்படிக்கைகளோ, நாடாளுமன்றம் 1972-இல் இயற்றிய ஐரோப்பியச் சமூகங்கள் சட்டத்தின் வழியாக, உள்நாட்டுச் சட்டத்துக்கே ஓர் ஊற்றாக ஆகியிருந்தன. லிஸ்பன் உடன்படிக்கையால் சேர்க்கப்பட்ட, ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 50-ஆம் உறுப்பின்படி (விதியின்படி), அறிவிப்பைக் கொடுத்து இரண்டாண்டுகள் கழிந்தால், எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாகக் கால நீட்டிப்புக்கு இசைந்தாலொழிய, பேச்சுவார்த்தை முடிந்தாலும் முடியாவிட்டாலும் உறுப்புரிமை போய்விடும். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பது போன்ற உரிமைகளும் அதோடு போய்விடும். ஆகவே, பிரதமரின் ஒரு கடிதம் நாடாளுமன்றம் தந்த உரிமைகளை அழித்துவிடும் என்பதே தொழில்முனைவர் ஜீனா மில்லர் முதலானோர் தொடுத்த வழக்கின் உயிர்நாடி.

அந்த 50-ஆம் உறுப்பே, ஒரு நாடு தன் அரசமைப்புத் தேவைகளுக்கு இணங்க விலக முடிவு செய்யலாம் என்றுதான் சொல்கிறது; அந்த முடிவை யார் எடுப்பது என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிடுகிறது. எழுதப்பட்ட ஒற்றை அரசமைப்பு ஆவணம் இல்லாத நாட்டில் அதற்கு விடை சொல்லும் பொறுப்பு நீதிபதிகளின் தலையில் விழுந்தது. உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒரே அமர்வாக உட்கார்ந்தது அதுவே முதன்முறை. 2017 ஜனவரி 24 அன்று எட்டுப் பேர் நாடாளுமன்றத்தின் பக்கமும் மூன்று பேர் அரசின் பக்கமும் நின்றனர்.

பொதுவாக்கெடுப்பைப் பொறுத்தவரை, அதற்கான 2015-ஆம் ஆண்டுச் சட்டம் முடிவு வந்தபின் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தேர்தல் முறையை மாற்றுவது பற்றி 2011-இல் நடந்த வாக்கெடுப்புக்கான சட்டமோ, மக்கள் ஆம் என்றால் மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்று அமைச்சரைக் கட்டாயப்படுத்தியிருந்தது. அப்படி எழுதத் தெரிந்த நாடாளுமன்றம் நான்கே ஆண்டுகளில் அதை எழுதாமல் விட்டதற்குப் பொருள் இல்லை என்று எவ்வாறு கொள்வது?

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதிய நண்பர் பெரும்பான்மைத் தீர்ப்பைச் செம்மையாக எடுத்துரைத்தார். மாற்றுத் தீர்ப்பை மட்டும் எண்ணிக்கையோடு விட்டுவிட்டார். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியா ஒன்றியத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று எங்கும் கட்டளையிடவில்லை என்றும், உடன்படிக்கைகளின்படி எந்தக் கடமைகள் எந்நேரத்தில் உள்ளனவோ அவற்றுக்கு உள்நாட்டில் வலிமை தருவதோடு அது நின்றுவிடுகிறது என்றும் அந்த மூன்று நீதிபதிகளுள் ஒருவரான ரீட் பிரபு எழுதினார். உறுப்புரிமை முடிந்தால் நடைமுறைப்படுத்துவதற்கு எதுவும் இராது; சட்டம் மீறப்பட்டதாகவும் ஆகாது. எனக்கு இந்த வாதமே நேரானதாகத் தோன்றுகிறது.

சட்டத்துக்கு அப்பால் நேர்மை சார்ந்த ஒரு கேள்வியும் உண்டு. மக்கள் என்ன முடிவெடுத்தாலும் அதை நிறைவேற்றுவோம் என்று அரசு வீடுதோறும் துண்டறிக்கை அனுப்பிவிட்டு, முடிவு வந்தபின், பெரும்பாலும் ஒன்றியத்தில் நீடிக்கவே விரும்பிய உறுப்பினர்களைக் கொண்ட அவையிடம் மறுபடியும் அனுமதி கேட்பது, வாக்களித்தவர்களுக்கு ஏமாற்று வேலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. நீதிபதிகளை மக்களின் எதிரிகள் என்று ஒரு நாளேடு முதற்பக்கத்தில் அச்சிட்டது இழிவான செயல்தான். ஆனால் அதன் பின்னிருந்த சினம் அந்த நாளேடு உருவாக்கியது அன்று.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தீர்ப்புக்குப் பிறகு நாடாளுமன்றம் உண்மையிலேயே எதையாவது முடிவு செய்ததா, அல்லது ஏற்கெனவே முடிந்துவிட்ட ஒன்றுக்கு முத்திரை குத்தியதோடு சரியா?

முதலில் மறுமொழி எழுதியவர்

முத்திரைதான் குத்தியது, என் மனக்குறையும் அதுவே. இரண்டே பிரிவுகள் கொண்ட ஒரு மசோதாவை அரசு கொண்டுவந்தது. கீழவை 122-க்கு எதிராக 494 வாக்குகளில் அதை நிறைவேற்றியது. பிரித்தானியாவில் வாழும் ஐரோப்பியக் குடிமக்களின் உரிமைகளைக் காக்க வேண்டும், இறுதி உடன்பாட்டின் மீது நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டும் என்று மேலவையான பிரபுக்கள் அவை சேர்த்த இரண்டு திருத்தங்களையும் கீழவையே நீக்கியது. 2017 மார்ச் 29 அன்று, பிரித்தானியத் தூதர் டிம் பாரோ அன்றைய பிரதமர் தெரசா மேயின் கடிதத்தைப் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய மன்றத்தின் அன்றைய தலைவர் டொனால்ட் டஸ்கிடம் நேரில் கொடுத்தார். எத்தகைய விலகல் வேண்டும் என்று முடிவாகாமலேயே இரண்டாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

அன்று கேட்காததையெல்லாம் அவை பின்னர் கேட்டது. 2017 டிசம்பரில் வெறும் நான்கு வாக்கு வித்தியாசத்தில், இறுதி உடன்பாட்டின் மீது வாக்களிக்கும் உரிமையைச் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 2019 ஜனவரி 15 அன்று அந்த உரிமையைக் கொண்டு அரசின் உடன்பாட்டை 202-க்கு எதிராக 432 வாக்குகளில் வீழ்த்தியது. மேலும் இருமுறை நிராகரித்தது. அறிவிப்பைக் கொடுப்பதற்கு முன்பே எந்தெந்த நிபந்தனைகளோடு விலகலாம் என்று சட்டத்தில் எழுதியிருந்தால், 2019-இன் குழப்பத்தில் பாதி நேர்ந்திருக்காது என்பது என் கணிப்பு. எனவே இரண்டாவதாக எழுதிய நண்பரிடமிருந்து நான் வேறுபடுவது இந்த இடத்தில்தான்: மக்கள் கேட்டது விலகலை; சுங்க ஒன்றியத்தில் இருப்பதா, ஒற்றைச் சந்தையில் நீடிப்பதா, அயர்லாந்து எல்லையை என்ன செய்வது என்ற கேள்விகள் வாக்குச்சீட்டில் இல்லை. அவற்றுக்கு விடை தரத் தகுந்த இடம் அமைச்சரவை அறையாக இருக்க முடியாது.

போகிற போக்கில் ஒன்று சொல்ல வேண்டும். கொடுத்த அறிவிப்பைத் திரும்பப் பெற முடியாது என்று இரு தரப்பினரும் வழக்கில் ஒப்புக்கொண்டிருந்தனர். 2018 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், விலகல் நடைமுறைக்கு வரும்வரை அந்நாடு தானாகவே அதைத் திரும்பப் பெறலாம் என்று தீர்ப்பளித்தது. முன்பே தெரிந்திருந்தால் மில்லர் வழக்கின் வாதம் வேறு வழியில் போயிருக்கக்கூடும்.

மூன்றாம் மறுமொழி

இது பிரித்தானியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. மில்லர் தீர்ப்பு வந்த மறுமாதமே, தென்னாப்பிரிக்க அரசு நாடாளுமன்றத்தைக் கேளாமல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகுவதாக அனுப்பிய அறிவிப்பு செல்லாது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் கூறியது. அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இங்கே எவரும் தொடாத ஒன்று மில்லர் தீர்ப்பில் இருக்கிறது. ஸ்காட்லாந்து 62 விழுக்காடு நீடிக்கவே வாக்களித்தது. வட அயர்லாந்திலும் நீடிக்க விரும்பியவர்களே அதிகம். ஆயினும் அவற்றின் சட்டமன்றங்களின் ஒப்புதல் சட்டப்படி தேவையில்லை என்பதில் பதினொரு நீதிபதிகளும் ஒருமித்து நின்றனர். அரசா, நாடாளுமன்றமா என்று வாதிடுபவர்கள், எந்த நாடாளுமன்றம் என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும்.